சோஹாரில் எரிந்த வாயு

எங்கள் மகளுக்கு ஏசி ஓடும் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஆலையொன்றில் எனக்கு வேலை கிடைத்து ஓமானுக்கு வந்தபோது அவள் கைக்குழந்தை. அந்த உறுமலையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். அதனால் ஜனவரியில்கூட, வெளியே காற்று சுகமாக வீசும் நாட்களிலும், ஏசியை ஓடவிட்டுத் தடித்த கம்பளிக்குள் மூன்று பேரும் சுருண்டு கிடப்போம். மின்சாரக் கட்டணம் பெயருக்குத்தான். எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கதைதான். யாருக்கும் இது விசித்திரமாகப் பட்டதில்லை.

2009 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பல்கேரியாக்காரர், என்னோடு அதே ஆலையின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர். ஜும்மா தொழுகை நேரம், கடைகள் அடைத்திருந்தன. ஊருக்குப் பேச அவரிடம் போன் கார்டு இல்லை. நான் எப்போதும் நாலைந்து கார்டுகள் வாங்கி வைத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் வாயு விலையில் தகராறு முற்றி, உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் குழாய்களில் வாயு நின்றுபோயிருந்தது. பல்கேரியாவுக்கு வேறு வழியில் வாயு வராது. அவருடைய ஊரில் வீடுகளைச் சூடாக்கக் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் வெப்ப நிலையம் ஓய்ந்துவிட்டது. வெளியே பனி. பழைய அடுக்குமாடி ஒன்றில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். எல்லோரும் மின்சார ஹீட்டரைப் போட்டதில் கட்டடத்தின் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்ததாம். சமையலறையில் கோட்டு போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னார். மகன் எங்கள் ஹாலில் நின்றபடி போனில் குரலை உயர்த்தி ஏதோ கெஞ்சினார். மொழி புரியாவிட்டாலும் கெஞ்சுவது புரிந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் திறந்திருந்த படுக்கையறையும் மகள் போர்த்தித் தூங்கிய கம்பளியும் அவர் கண்ணில் பட்டன. ஏசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அத மொதல்ல நிறுத்துங்க. மனுஷன் என்ன நெனப்பாரு" என்று என் மனைவி கிசுகிசுத்தாள்.

நிறுத்தினேன். சத்தம் நின்றதுதான் தாமதம், மகள் எழுந்து உட்கார்ந்து வீறிட ஆரம்பித்தாள். அவர் பதறிப்போய், "வேண்டாம், போடுங்கள். குழந்தை தூங்கட்டும்" என்றார். போட்டேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த நேரம் பார்த்தா இவர் வர வேண்டும் என்று அவர்மேல் எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சல் எவ்வளவு அற்பமானது என்று அப்போதே தெரிந்தது, தெரிந்தும் வந்தது.

அவர் ஏற்கெனவே லீவு கேட்டிருந்தார். ஆனால் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஆலையை அந்த வாரம்தான் மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தோம். அவருடைய பகுதியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. "ஸ்டார்ட்அப் முடிந்த அன்றைக்கே டிக்கெட் போட்டுத் தருகிறேன்" என்றார் மேனேஜர். கெட்டவர் இல்லை, சொன்னால் செய்கிறவர். அம்மாவும், "எனக்கு ஒன்றுமில்லை, வேலையை முடித்துவிட்டு வா" என்று சொல்லியிருந்தார். அவர் ஊருக்குப் போகாமல் தங்கினார்.

ஆலை சீராக ஓடத் தொடங்கும்வரை தரம் சேராத வாயுவை உள்ளே எடுத்துக்கொள்ள முடியாது. உயரமான குழாயின் நுனிக்கு அனுப்பி எரித்துவிட வேண்டும். அதற்கு ஃப்ளேர் என்று பெயர். அந்த வாரம் அது இரவும் பகலும் எரிந்தது. அதற்கான வால்வைத் திறந்து வைக்கும் பொறுப்பு அவருடையது. திரையில் எண்ணைப் பார்ப்பார், திறப்பார், மறுபடி பார்ப்பார். ஒரு தடவைகூட அவர் கை பிசகவில்லை.

டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணாந்து அந்த நெருப்பைப் பார்த்தார். "எங்கள் ஊருக்கே போதும் இது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வாயுவைத் திரவமாக்க வேண்டும், கப்பல் வேண்டும், அங்கே இறக்க முனையம் வேண்டும் என்று வகுப்பெடுத்தேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தபோது கை நின்றது. நாங்கள் குடிக்கும் தண்ணீரே வாயுவை எரித்து, கடல்நீரைக் காய்ச்சி எடுப்பதுதான். ஐரோப்பாவைப் பார்த்து உச்சுக்கொட்டும் எங்கள் பிழைப்பு மட்டும் என்ன வாழ்கிறதாம்? வேறெங்கோ ஒருவன் கோபத்தில் ஒரு வால்வை மூடினால், நூறு வருடப் படிப்பும் பாலமும் ஆஸ்பத்திரியும் வைத்திருக்கும் ஊர், கோட்டு போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்துவிடுகிறது. இதையா நாகரிகம் என்று நம்பிப் பிள்ளை பெற்றோம் என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது. இது இப்படியே நிலைக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போனது, இன்றுவரை திரும்பவில்லை.

பிறகு தலைவர்கள் கைகுலுக்கினார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், வாயு வந்தது. எங்கள் ஸ்டார்ட்அப்பும் முடிந்தது. மேனேஜர் சொன்னபடியே டிக்கெட் போட்டார். பல்கேரியாக்காரர் தன் அம்மாவுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்து என் மனைவியிடம் காட்டிவிட்டுப் போனார். கிளம்ப வேண்டிய அன்று காலையில் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண்மணியிடமிருந்து போன் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்ததை அம்மா யாரிடமும் சொல்லவில்லையாம். படுக்கையிலேயே போய்விட்டார். அதே டிக்கெட்டில் அவர் போனார்.

திரும்பி வந்தபின் ஒரு மாலை எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி டீயைக் கையில் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நல்ல சூடாக இருந்தது. பழைய கட்டடம், சூட்டைக் குறைக்கத் திருகுகூடக் கிடையாது. மறுநாள்தான் அடக்கம். அதுவரை அம்மாவின் உடல் தாங்க வேண்டுமே. நானேதான் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன்."