ஒரே வேகத்தில் ஓடிய ரவுட்டர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் ரவுட்டருக்குக் கிறுக்குப் பிடித்தது. மரத்தின் ஓரத்தை வளைவாகச் சீவிக் கொடுக்கும் கை மெஷின் அது. மேலே ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஒன்றிலிருந்து ஆறு வரை திருப்பி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அன்றைக்கு ஒன்றில் வைத்தாலும் ஆறில் வைத்தாலும் ஒரே பேய் ஓட்டம். மரத்தைச் சீவும் பெரிய பிட்டை மாட்டித் தேக்கில் வைத்ததுமே ஓரம் கருகிப் புகை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஒரு ஷெட் பிடித்து உட்கார்ந்திருந்தேன். முதல் பெரிய ஆர்டர் பழவேற்காட்டு பாய் ஒருவருடையது. மகள் நிக்காஹ் வீட்டுக்கு அலமாரிக் கதவுகள். வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நான் மறுபடி ஷிப்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

அதற்கென்றே காத்திருந்த மாதிரி வந்து சேர்ந்தார் மச்சான், என் மனைவியின் அண்ணன். அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். மெஷினை ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்தார்.

“ஆர்மேச்சர் பூட்ச்சி மாப்ள, மோட்டாரே காலி. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? காண்ட்ராக்டராண்ட பேசிட்டேன், திங்கக்கிழமை ஷிப்டுக்கு வந்துடு.”

வந்ததே எனக்குக் கோபம்! “ஆர்மேச்சர் போயிருந்தா இப்டியா ஓடும்? மோட்டார் கல்லு மாதிரி கீது மச்சான். வேகம் கொறைய மாட்டேங்குது, அதான் நோவு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தோற்பதைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு போலும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். மோட்டாருக்குள் உரசும் கார்பன் கட்டை தேயாமல் நீளமாக, நன்றாகவே இருந்தது. சுவிட்சும் சரி. ஒயர் எங்கும் விட்டுப்போகவில்லை. மிச்சம் அந்தச் சக்கரம்தான். மூடியைக் கழற்றியதும் குப்பென்று சந்தன வாசனை!

பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்தது என் மனைவி. மற்றதற்கெல்லாம் விரல் நுனியால் வைத்தவள், சோறு போடும் மெஷின் என்று இதற்கு மட்டும் அள்ளி அப்பியிருக்கிறாள், அதுவும் சக்கரத்தின் மேலேயே. சந்தனம் உள்ளே வழிந்து, மரத்தூளோடு சேர்ந்து காய்ந்து, வேகத்தை அடக்கும் செப்புத் தகட்டை எதையும் தொடவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தது.

“மெஷினுக்கு நெத்தி எதுன்னு எனக்கு இன்னா தெரியும்? ரவுண்டா கீதேன்னு வெச்சேன்” என்றாள், போன் போட்டுக் கேட்டதற்கு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பழைய டூத் பிரஷ், கொஞ்சம் தின்னர். சுரண்டி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடினேன். ஒன்றில் வைத்துப் போட்டேன். ம்ம்ம் என்று அடங்கி ஓடியது. மூன்றில் ஏறியது, ஆறில் அலறியது. மறுபடி இரண்டுக்குக் கொண்டுவந்து தேக்கின் ஓரத்தில் வைத்தேன். கருகலே இல்லை, சுருள் சுருளாகத் தூள் பறந்தது, ஓரம் வழவழவென்று வளைந்து வந்தது. அடேங்கப்பா, எனக்கு வந்த குஷிக்கு அந்த ஷெட் போதவில்லை.

மச்சான் எழுந்து வந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஏதோ சொன்னார், சத்தத்தில் காதில் விழவில்லை. நான் மெஷினை நிறுத்தவும் இல்லை. அதற்கு மேல் கத்தினேன்.

“காண்ட்ராக்டராண்ட சொல்லிடு மச்சான், வேற ஆளப் பாக்கச் சொல்லு! திங்கக்கிழமை எனக்கு வேல கீது!”