உலகம்மை அழமாட்டாள்

பெற்ற மகளை அழாமலிருக்கப் பழக்கியவன் நான்.

நாயைப் பழக்குவது போல் பழக்கினேன். கோபத்தில் செய்ததல்ல, குடிவெறியில் செய்ததுமல்ல. தெளிந்த புத்தியோடு, படித்தவன் என்ற செருக்கோடு செய்தேன். கேளுங்கள்... கேட்டபின் நீங்கள் என்னைக் காறி உமிழ்ந்தாலும் சரியே.

சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அப்போதுதான் தென்காசிக்குத் திரும்பி, பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பயிற்சியில் மனத்தத்துவம் ஒரு பாடம். மற்றவர்கள் தேர்வோடு அதை மறந்தார்கள். எனக்கோ அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. மனித நடத்தை எல்லாமே பழக்கம்தானாம்! மணியடித்துச் சோறு வைத்தால், நாளடைவில் வெறும் மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுகிறதல்லவா? நம்முடைய அச்சமும் அன்பும்கூட அப்படித்தானாம்!

சீமையிலிருந்து வந்த நூல்களைத் தேடித் தேடிப் படித்தேன். அழும் குழந்தையைத் தூக்காதே, முத்தமிடாதே, மடியில் வைத்துக் கொஞ்சாதே. பலன் கிடைக்காத அழுகை தானே அற்றுப்போகும் என்றது ஒரு நூல்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பெண் பிறந்தாள். எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் அம்மனின் பெயரையே வைத்தோம். உலகம்மை.

தொட்டிலை அரங்கு வீட்டில், அதாவது வீட்டின் உள்ளறையில், கட்டச் சொன்னேன். குழந்தை வீறிட்டாள். என் மனைவி கோமதி ஓடிவந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"பசியில்லிங்க. இப்பந்தான் பால் குடிச்சா. தூக்கச் சொல்லித்தான் அழுவுதா. செத்த நேரம் தோள்ல போட்டுக்கிடுதேனே..."

"போடாதே. அழுதா தூக்குவாங்கன்னு தெரிஞ்சிட்டா, பொறவு அதுக்குன்னே அழுவா."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"உனக்கு என்ன தெரியும்? நான் படிச்சிருக்கேன்லா!"

கதவைச் சாத்தினேன். நானேதான் சாத்தினேன்.

உள்ளே அழுகை உயர்ந்தது, கம்மியது, விக்கலாயிற்று, ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்... மழைக்காலம் வருவதற்குள் அவள் அழுவதையே விட்டுவிட்டாள். விழித்துக்கொண்டாலும் உத்திரத்தைப் பார்த்தபடி கிடப்பாள். உடன் வேலை பார்த்தவர்களிடம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

எனக்குப் பாசமே இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. கோமதி குளத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் தொட்டிலருகே போய் நின்றேன். குழந்தை என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. நான் நீட்டினேன்... பிறகு மடக்கிக்கொண்டேன். ஒருமுறை தூக்கினால் அத்தனை பயிற்சியும் வீணாகிவிடுமே என்று!

அவள் ஓடியாடும் வயதில், சாரல் தொடங்கிய ஆனி மாதத்தில், குற்றாலத்துக்குப் போனோம். அருவியில் குளித்துவிட்டு நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கோமதி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பழம் நறுக்கி விற்ற பெண்பிள்ளை திடீரென்று கூவினாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு ரத்தம் கொட்டுதே! பாக்கலியா?"

திரும்பினேன். உலகம்மை எங்கள் பின்னால்தான் நின்றிருந்தாள். பாறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மோவாய் பிளந்து, பாவாடை முழுதும் சிவப்பு. தானே எழுந்து வந்து, துணியை மோவாயில் அழுத்திக்கொண்டு சும்மா நின்றிருக்கிறாள்!

"எம்மா, அழக்கூட இல்லியே... இது என்ன பிள்ளை!" என்றாள் அந்தப் பெண்.

அவள் குரலில் இருந்தது திகில். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது. மூடன்!

கோமதி குழந்தையை வாரி எடுத்தாள். குழந்தை அவள் கையில் கட்டையாக விறைத்துக் கிடந்தாள். கோமதி என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நாம இங்கனதான் இருக்கோம்னே அவளுக்குத் தோணலிங்க."

அன்று ஊர் திரும்பியதும் அந்த நூல்களைக் கட்டிப் பரணில் எறிந்தேன். மகளை மடியில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தாள்... நான் எப்போது இறக்கிவிடுவேன் என்று மரியாதையாகக் காத்திருந்தாள்.

வளர்ந்தாள். அடக்கமான பெண் என்று ஊரே மெச்சியது. அச்சன்புதூரில் நெல் விளைவிக்கும் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வலி கண்டது ஒரு பிற்பகலில். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் கிடக்கு ஆச்சி. வலி முத்துனா அவளே கத்துவா, அப்பம் போவோம்" என்று கோமதியைக் கூட்டிக்கொண்டு வெந்நீர் போட அடுக்களைக்குப் போனாள். நான் முன்னறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் படுத்திருந்த அரங்கு வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லையே, நேரமிருக்கிறது என்று நாங்கள் மூவரும் நிம்மதியாக இருந்தோம். நிம்மதியாக!

அவர்கள் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றி நீலம் பாரித்துக் கிடந்தது. உலகம்மையின் கீழுதடு பல்லில் கிழிந்திருந்தது.

மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியாந்திருப்பேனே தாயீ! ஏன் கூப்பிடல?"

என் மகள் சற்று யோசித்தாள். "கூப்பிடத் தோணலை" என்றாள்.

கோமதி என்னைப் பார்த்தாள். அன்று முதல் சோறு போடுகிறாள், துணி துவைத்து வைக்கிறாள். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

உலகம்மை உடம்பு தேறியபின், ஒருநாள் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிலை, சாத்திய கதவை, மடக்கிய கையை... ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லியேப்பா. நீங்க ஏன் மனசப் போட்டு உழப்புதீக? எனக்கு என்ன கொறை?"

பொய் சொல்லவில்லை அவள். தொட்டிலில் கிடந்தது யாருக்கு நினைவிருக்கும்? மன்னிக்க வேண்டியவளுக்கு என் குற்றமே தெரியவில்லை. தெரிந்தவளோ மன்னிக்கமாட்டாள். நான் யார் காலில் போய் விழுவது? சொல்லுங்கள்!

"என்னை வைதுவிடேன், அம்மா" என்றேன்.

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நேரமாச்சு, சாப்பிட வாங்கப்பா" என்றாள்.

போனேன். சாப்பிட்டேன்.