சுற்றிப் போன வயர்

மூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில், சண்முகவேல் மோட்டார் அறைக்குப் போய்ச் சுவிட்சைத் தட்டினார். காட்டின் அந்தக் கோடியில் இருந்த போர்க்குழாய்க் கிணற்றில் ஒரு உறுமல் மட்டும் கேட்டது. தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவிட்சு தானாகவே விழுந்துவிட்டது.

அவருக்குக் காட்டு வேலை தெரியாது. வாலிப வயதிலிருந்து அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டியவர். முதல் பஸ்ஸில் போவார். தறிச் சத்தம் காதுக்குள் இரைந்துகொண்டிருக்க, விளக்கு வைத்த பிறகு திரும்புவார். திருச்சுழிப் பக்கம் கிடந்த கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டதெல்லாம் மனைவி வெள்ளைத்தாய்தான். மோட்டார் போட்டது, நாற்று நட்டது, கூலிக்கு ஆள் கூப்பிட்டது எல்லாமே அவள். மிளகாய் நாற்று நட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அவருக்கு அழுகை வரவில்லை. பசியும் தெரியவில்லை. சோற்றை யாராவது போட்டால் சாப்பிட்டார். அவள் நட்ட நாற்று காய்ந்துவிடக் கூடாது என்ற ஒன்று மட்டும் மனதில் தெளிவாக நின்றது. பக்கத்துக் காட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தார். கரிசல் மண் அதை எங்கே வாங்கியது என்றே தெரியவில்லை.

அவர்கள் வகையறாவில் சொந்தக் காட்டில்தான் புதைப்பார்கள். மோட்டார் அறைக்கும் போருக்கும் நடுவில்தான் குழி வெட்டத் தோதான இடம் இருந்தது. அதற்காகக் கம்பங்களில் நேராகப் போய்க்கொண்டிருந்த மோட்டார் வயரை அவிழ்த்துப் போட்டார்கள். திரும்பக் கட்டப் போனபோது உள்ளூரிலேயே இருக்கும் அவருடைய அக்கா செல்வலட்சுமி தடுத்துவிட்டாள். வருசம் திரும்புகிறவரை குழிமேட்டுக்கு மேலே எதுவும் குறுக்கே போகக் கூடாது. துணி காயப்போடுகிற கொடிகூடக் கட்டமாட்டார்கள். அதனால் வயரை வரப்போடு வரப்பாகக் காட்டைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். நீளம் போதாமல் அதே வயரில் புதுச்சுருள் வாங்கி ஒட்டுப் போட்டார்கள். முன்பு போன தூரத்தைப் போல இரண்டரை மடங்கு ஆனது.

பந்தல்குடியிலிருந்து வயர்மேன் ஜாபேஸ் வந்தான். அறையில் மீட்டரை வைத்துப் பார்த்தான். போருக்கு நடந்துபோய், மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, அங்கே வயர் முனையிலும் பார்த்தான்.

"இங்க வோல்டேஜு எரநூத்திப் பத்து, அங்கயும் எரநூத்திப் பத்து. வயர்ல குத்தமில்லண்ணே. மோட்டார் காயிலுதான் எரிஞ்சு போயிருக்கு."

மோட்டாரைத் தூக்கி டவுனுக்குக் கொண்டுபோய்ப் புதுக் காயில் கட்டி இறக்கினார்கள். அதே உறுமல்.

ஜாபேஸ் தலையைச் சொறிந்தான்.

"ஏலே ஜாபேசு, ஒங்க ஆண்டவர்ட்டயாவது கேட்டுச் சொல்லேன்" என்றாள் செல்வலட்சுமி.

"அவரு கரண்டு ஆபீஸ்ல வேல பாக்கலியேக்கா."

இந்தத் தடவை அவன் மோட்டாரைக் கழற்றாமலே போர்ப் பக்கம் வயர் முனையில் மீட்டரை மாட்டிவிட்டு, சண்முகவேலைச் சுவிட்சைப் போடச் சொன்னான். எண் இருநூற்றுப் பத்தைத் தொடவில்லை, நூற்றைம்பதிலேயே நின்றது. ஜாபேஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மோட்டாரக் கழட்டிட்டு அளந்தேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும்! கரண்டு ஓடாதப்ப வயரு ஒண்ணையும் பிடிக்காது. ஓடுனாத்தான் வழிநெடுகத் தடுக்கும்."

"தூரங் கூடுனா அம்புட்டா தடுக்கும்?" என்று கேட்டார் அறையிலிருந்து நடந்து வந்த சண்முகவேல்.

"நீளம் எம்புட்டுக் கூடுதோ அம்புட்டுத் தடையும் கூடும்ணே. ரெண்டரை மடங்கு நீளம்னா ரெண்டரை மடங்கு தடை. மோட்டாரு கெளம்புறப்பத்தான் கரண்ட ரொம்ப இழுக்கும். அந்த நேரம் பாத்து வயரே இம்புட்டத் தின்னுபுட்டா, அது எங்கிட்டுச் சுத்த? நின்ன எடத்துல கெடந்து உறுமும்."

ஒரே செம்பு, ஒரே தடிமன். நீண்டுபோன ஒரே காரணத்தால் ஒரு வயர் இப்படி ஆகிவிடும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"தடிச்ச வயரு போட்டா?"

"போட்டாச் சரியாப்போகும். தடிமன் கூடுனா தடை கொறையும். ஆனா இம்புட்டு நீளத்துக்கு டவுன்ல கெடையாது. மதுரையில சொல்லி லோடு வந்து சேர ஒரு வாரம் ஆகும்ணே."

சண்முகவேல் பாத்தியைப் பார்த்தார். நாற்றுகள் தலை சாய்ந்து கிடந்தன. இலையோரம் கருகத் தொடங்கியிருந்தது.

"தாங்காது. நேரா இழுத்துரு" என்றார்.

"அவ தலைக்கு மேலயாலே?" செல்வலட்சுமி எழுந்துவிட்டாள். "கட்டுனவ குழி ஈரங்காயல, அதுக்குள்ள மேல கரண்டுக் கம்பி இழுத்துட்டான்னு நாலு பேரு காறித் துப்புவாக."

"துப்பட்டும்க்கா."

"ஒனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"தோணல. செடி காயுது."

வயர் நடுவில் தொய்ந்ததால் குழிமேட்டை ஒட்டி ஒரு கம்பு ஊன்ற வேண்டியிருந்தது. அதில் வயரைக் கட்ட, மேட்டின் மேல்தான் ஏறி நிற்க வேண்டும். ஜாபேஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏறாமல் நின்றான். சண்முகவேல் அவன் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டு ஏறினார். மண் இன்னும் இறுகவில்லை. கால் லேசாகப் புதைந்தது. அவர் கீழே பார்க்காமல் கட்டினார். செல்வலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

சுவிட்சைப் போட்டதும் உறுமல் ஒரு கணம் கேட்டு, உடனே சத்தம் மாறியது. குழாய் காற்றைக் கக்கியது. மண் கலங்கல் வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. ஜாபேஸ் அதில் முகம் கழுவினான். இப்போது அழுகை வரும் என்று சண்முகவேல் நினைத்தார். வரவில்லை. தண்ணீர் வாய்க்கால் நிறைந்து, நாற்றில்லாத வெறும் பாத்திக்குள் சரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி நின்றார்.

"தண்ணி வீணாப் போகுது, பாத்துட்டே நிக்கான் பாரு." செல்வலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். "மொத மேட்டுப் பாத்திக்குத்தான் விடணும். அவ அப்படித்தான் விடுவா. தள்ளு."

அவர் தள்ளவில்லை. அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எங்க வெட்டணும்னு மட்டும் சொல்லுக்கா."