பூக்கட்டிப் பார்த்த வெள்ளிக்கிழமை

எங்கள் அப்பாவுக்கு ஜோசியக்காரர்களை நம்புவதில் ஒரு தராதரம் இருந்தது. தல்லாகுளத்தில் அவர் வேலை பார்த்த ஆபீசுக்கு எதிரே, வேப்பமர நிழலில் கிளி ஜோசியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோர்ட்டுக்கு வாய்தாவுக்காக வந்தவர்கள் வக்கீலைப் பார்த்த கையோடு கிளியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவார்கள். "கூண்டை விட்டு வெளிய போக அதுக்கே வழி தெரியல, இவங்களுக்கு வழி சொல்லுதாக்கும்" என்று அப்பா வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். குடுகுடுப்பைக்காரரைக் கேலி செய்யமாட்டார். எதற்கு வம்பு என்று பழைய சட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஜாதகம் பார்க்கிற ஜோசியர் வந்தாலோ, பெரிய அதிகாரியைக் கண்டதுபோலத் தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வந்துவிடும்.

அந்த ஜோசியர்தான் அத்தைக்குச் செவ்வாய் தோஷம் என்று சொன்னவர். அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் சாப்பிட்டுவிட்டு ஜாதகத்தை வாங்கிப் போவார்கள். கொஞ்ச நாளில் ஜாதகம் மட்டும் திரும்பி வரும். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். குழாயடியில் யார் குடம் முந்தி என்பதில் ஆரம்பித்து, ரசத்தில் புளி போட்டது வரைக்கும் சண்டை. அத்தை "மதினி" என்று கூப்பிட்டாலே அடுத்த வீட்டில் ரேடியோவைக் குறைத்துவிடுவார்கள், கேட்பதற்கு.

அப்போது அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அம்மாவுக்குப் பெரியப்பா மகன், எனக்கு மாமா. கரும்புத் தோட்டம், பம்புசெட்டு, வாசலில் ஜல்லிக்கட்டுக் காளை. முதல் சம்சாரம் கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போயிருந்தாள். "ரெண்டாந்தாரமாக் குடுத்தா தோஷம் தாக்காது. இதவிடத் தோதான எடம் அமையாது" என்றுவிட்டார் ஜோசியர். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளையின் பெருமையைச் சொல்வார், கிணற்றுச் சங்கதி உட்பட. "தவறி விழுந்து" என்கிற இடம் வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அத்தை வாய் திறக்கவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. குழாயடியில் அம்மாவின் குடத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள். வீட்டில் சண்டையே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தாம்பூலம் மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா, "எதுக்கும் சமயநல்லூர்க் கோடாங்கிகிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம். நாளைக்கு ஒண்ணுன்னா எம் பொறந்த வீட்டத்தான சொல்லுவாக" என்றாள். அப்பாவால் தட்ட முடியவில்லை. அவருடைய தராதரத்தில் கோடாங்கி ஜோசியருக்கும் ஒரு படி மேல். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறவர்; கோடாங்கி அம்மனிடமே கேட்டுச் சொல்கிறவர்.

அந்தக் கோடாங்கி மற்ற நாட்களில் மில் வேலைக்குப் போகிற மனிதர். வெள்ளிக்கிழமை மட்டும் உடுக்கையைத் தொடுவார். நாங்கள் நாலு பேரும் போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். பூக்கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வீட்டுச் சுமங்கலிதான் கட்டவேண்டும், அதுவும் யாரும் பார்க்காமல். அம்மா வெள்ளை நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்த தட்டோடு மூலையில் திரும்பி உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

கோடாங்கி இரண்டையும் குலுக்கிப் போட்டார். உடுக்கை அதிர்ந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அத்தை மட்டும் கண்ணைத் திறந்தபடியே, வேறு யார் வீட்டுக் காரியமோ என்பதுபோல நின்றாள்.

"சின்னப்புள்ள எடுக்கட்டும்" என்றார் கோடாங்கி.

எடுத்தேன். செவ்வரளி.

"ஆத்தா வேணாங்குறா."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "இன்னொரு தரம் பாப்பமாண்ணே?" என்று இழுத்தார். கோடாங்கி அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம், "ஆத்தாகிட்ட மறுபேச்சுக் கூடாதுப்பா" என்று முடித்துவிட்டார். மிச்சமிருந்த பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "பிரிக்காம வாய்க்கால்ல போட்டுட்டு வா தாயி" என்றார்.

பிரிக்காதே என்று சொல்லாமல் இருந்தால் போட்டிருப்பேன். வாய்க்கால் கரையில் குந்தி நாரை உருவினேன். அதிலும் செவ்வரளிதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாமாவை அம்மனுக்குத் துளியும் பிடிக்கவில்லை, வெள்ளையைக்கூடச் சிவப்பாக மாற்றிவிட்டாள்! இப்பேர்ப்பட்ட அதிசயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியுமா? திரும்பும்போது பஸ்ஸில் அத்தையின் மடியில் உட்கார்ந்துகொண்டு காதில் சொல்லிவிட்டேன். அத்தை முன் சீட்டில் இருந்த அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழித்து, "யாருகிட்டயும் சொல்லிப்புடாத, சாமி கண்ணக் குத்திரும்" என்றாள். அவளுடைய கண்ணில்தான் தண்ணீர் நின்றது. பாவம், இந்தக் கல்யாணமும் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் பிறந்த வீட்டார் அந்தப் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. பிறகும் நெடுநாள் கூப்பிடவில்லை. அத்தை பிற்பாடு ஒரு பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள். தோஷம் எங்கே போயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. அதெல்லாம் பிந்திய கதை.

அன்று சாயங்காலம் அம்மா புடவை மாற்றி, கட்டியிருந்த பட்டை மடிப்பதற்காக முற்றத்தில் வைத்து உதறினாள். முந்தானை முடிச்சு அவிழ்ந்து, கசங்கின நந்தியாவட்டைகள் சில தரையில் விழுந்தன. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்த அத்தை குனிந்து அவற்றைப் பொறுக்கினாள். ஒன்றை மட்டும் எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"வாடுன பூவப் போயி வைக்கிறா பாரு" என்றாள் அம்மா. குரல் வழக்கம்போல் ஏறவில்லை.

"இருக்கட்டும் மதினி."

மதுரையில் இருந்துகொண்டு பூவுக்கா பஞ்சம்? நான் ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அத்தை வேண்டாம் என்று தலையசைத்தாள். அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்க்காமல், புடவையின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் தட்டிப்போன கவலையில் அத்தைக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்றே எனக்குப் பட்டது. அதற்காக அன்று ராத்திரி அம்மனிடம் தனியாக வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.