இடலீனா சுரண்டாத பாறை

கால்வாய்ச் சுவரில் பாசியைச் சுரண்டிக்கொண்டே வருகிற இடலீனா, மூன்றாம் வளைவில் நீர் சொட்டும் பாறையைக் கண்டதும் சுரண்டியை இடுப்பில் செருகிவிடுகிறாள். மதேரா தீவின் மலையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீரை வாழைத்தோட்டங்களுக்கு முறைவைத்துத் திறந்துவிடுவது இருபது வருஷமாக அவள் வேலை. ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுவார்கள். அவளும் பதிலுக்கு எட்டை இழுப்பாள்.

அந்தப் பாறையில் இருப்பது குட்டி மரங்களாகக் கிளைத்து நிற்கும் கரும்பச்சைப் பாசி. இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது; இங்கேயும் அருகிவிட்டது. ஆரம்பத்தில் அதையும் வழித்து எறிந்தவள்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

கொழுந்தன் ஃபிர்மீனு ஒரு காலத்தில் மெரோ என்கிற பெரிய களவா மீனைக் குத்தி விற்றவன். இப்போது கடலில் அதற்குக் காவல்.

"அண்ணி, என் மெரோகூட நீந்த எங்கெங்கேருந்தோ ஆளு வருது. உங்க பாசிகிட்ட வந்தா வழுக்கி விழத்தான் முடியும்!"

"அப்படிப்பட்ட மீனு ஏன்யா அழிஞ்சுது?"

"எல்லாம் பொட்டையாப் பொறந்து, பெரிசானப்புறம்தான் ஆணாகும். நாங்க பெரிசாப் பாத்துக் குத்துனோம். குஞ்சுக்கு அப்பனே இல்லாமப் போச்சு."

"உம்ம மீனுக்காவது ஓடி ஒளியத் தெரியும், கொழுந்தனாரே. என் பாசி நின்ன எடத்துலயே சாகும்."

போன மாதம் அந்தச் சாவு பக்கத்தில் வந்துவிட்டது. வளைவில் தண்ணீர் ஒழுகுகிறது, பாசிதான் சுவரை அரிக்கிறது என்று ஊரே நம்பி, பாறையோடு சேர்த்து சிமெண்டு பூச முடிவு கட்டியது. இடலீனா மூன்று நாள் சுவரைத் தட்டித் தட்டி ஒழுகும் இடத்தைத் தேடினாள். நாலாம் நாள் முழங்கால் சேற்றில் சுவருக்கு அடியில் புகுந்தாள். ஒரு மரவேர் கல்லைப் பிளந்திருந்தது. வேரை வெட்டி, பிளவில் சுண்ணாம்பு அடைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தண்ணீர்க்காரர் கூட்டத்தில் தலைவர் லியோனெல் எகிறினார்: "பாசிக்காக எங்க வாழை காயணுமா?"

"நேத்து உங்க முறையில தொட்டி எப்ப நெறஞ்சுது?"

லியோனெல் தலையைச் சொறிந்தார். "பத்து நிமிஷம் முன்னாடியே... வழிஞ்சு ஓடிச்சு."

"சிமெண்டு பூசல. வேரை வெட்டினேன். பாசி அப்படியேதான் இருக்கு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பாசியை விட்டுவைக்க யார் யார் ஆதரவு என்று கேட்டதும், ஃபிர்மீனு இரண்டு கையையும் தூக்கினான்.

"யோவ், ஆளுக்கு ஒரு கைதான்!" என்றார் லியோனெல்.

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு என் மீனுங்க சார்பா!"

ஒவ்வொரு கையாக உயர்ந்து, கடைசியில் லியோனெலின் கையும் உயர்ந்தது. அந்தக் கூட்டத்தில் கால்வாய்க்காரி கதவோரம் நிற்பதுதான் வழக்கம். இடலீனா முன்வரிசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, சேற்றுச் சப்பாத்தோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.