திக்லிபூரில் ஒரு பெரிய தலை

போர்ட் பிளேர், 1963 பிப்ரவரி 11. காலையில் சாத்தம் ஜெட்டியிலிருந்து கப்பல் கிளம்பியது. மற்றவர்களுக்கெல்லாம் கரையில் யாராவது நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆள் இல்லை என்பதால் நானும் பொதுவாக ஒரு கையாட்டு ஆட்டிவைத்தேன். டெக் டிக்கெட் நாலரை ரூபாய். தோளில் ஒரு பை. தலையில் ஒன்றும் கிடையாது. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

என் தலைச் சுற்றளவு இருபத்தைந்து அங்குலம். படிப்பவர்கள் வேண்டுமானால் ஒரு டேப்பை எடுத்துத் தங்கள் தலையைச் சுற்றிப் பார்க்கலாம். இருபத்திரண்டு வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கடைத் தொப்பிகள் ஏழரை நம்பரோடு நின்றுவிடும். எனக்கு எட்டு வேண்டும். மாயவரத்தில் படிக்கும்போது எனக்குப் பரங்கிக்காய் என்று பெயர். கல்யாணத்தன்று தலைப்பாகைத் துணி போதாமல் மாமனார் மறுபடி கடைக்கு ஆள் அனுப்பினார். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் மனைவி கமலம், இந்தத் தலைக்கு ஒரு உழக்கு போதாது, நாளைக்கு ஒரு செக்கு வாங்கிப் போடுங்கள் என்பாள். அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதன் பிறகுதான் நான் இந்தத் தீவுக்கு மாற்றல் கேட்டு வந்தேன்.

எனக்கு ரோடு போடுகிற இடங்களில் லெவல் பார்க்கிற வேலை. நாள் முழுக்க வெயிலில் நின்று கருவியின் குழாய்க்குள் கண்ணை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். சென்னையில் சொல்லிச் செய்து கொண்டுவந்த தக்கைத் தொப்பி இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் ஊறி உப்பி, தோசை மாதிரி பிய்ந்து போயிற்று. துண்டு கட்டினால் தலை மறையும், கண் மறையாது. குடை பிடிக்கக் கை இல்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் கருவியோடு சேர்ந்து நானும் சாய்ந்துவிட்டேன். ஒழுங்காக விளிம்பு வைத்த தொப்பி இல்லாமல் இனி வெயிலில் இறங்கக் கூடாது, இறங்கினால் மெயின்லாந்துக்குத் திருப்பி அனுப்பும்படி எழுதிவிடுவேன் என்றார் டாக்டர். மெயின்லாந்து என்றால் எனக்கு அண்ணன் வீட்டு மாடியறை. காலையில் அண்ணி அனுப்புகிற காபியில் இரக்கம் மிதக்கும். இங்கே ஹாடோவில் என் குவார்ட்டர்ஸில் நான் தனியாக இருக்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் இங்கே எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள், யாரும் யாரையும் பாவம் என்பதில்லை. அதனால் தொப்பி கிடைத்தே ஆக வேண்டியிருந்தது.

அபர்தீன் பஜாரில் ஒரு கடை பாக்கியில்லை. கடைசியாக, தீவிலேயே பிறந்து ஹிந்தி பேசுகிற ஒரு லோக்கல் பையா கடையில், ஆபீஸ் வகுப்பில் படித்த ஹிந்தியைத் திரட்டி, "படா சர் கே லியே டோபி" என்று கேட்டேன். ஹிந்தியில் சர் என்றால் தலை. பெரிய தலைக்குத் தொப்பி வேண்டும் என்பது என் அர்த்தம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படா சர் தோ திக்லிபூர் மே ஹை. உஸ்கா டோபி கல்கத்தா ஸே ஆத்தா ஹை" என்றார்.

பெரிய தலை திக்லிபூரில் இருக்கிறது, அதன் தொப்பி கல்கத்தாவிலிருந்து வருகிறது! எனக்குக் கடையிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இந்தத் தீவில் இன்னொருத்தர். திக்லிபூர் தீவின் வட கோடி, கப்பலில் இரண்டு நாள். மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தேன்.

கப்பலில் என் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்தவர் ராமநாதபுரத்துக்காரர், மாயாபந்தரில் ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரி. கடல் தட்டாகக் கிடந்தது. இடது கைப் பக்கம் காடு விடாமல் கூடவே வந்தது. கட்டுச்சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு எங்கே போகிறேன் என்று விசாரித்தார். திக்லிபூர் படா சரைத் தெரியுமா என்றேன்.

"தெரியாம என்னண்ணே, நம்ம தமிழ் ஆளுதான், கோயம்புத்தூர்ப் பக்கம். படா அச்சா ஆத்மி, ரொம்ப நல்ல மனுசன். டோபி இல்லாம வெளிய வரமாட்டாரு."

ரொம்பப் பெரிசோ என்று கேட்டேன்.

"பின்ன? அந்தப் பக்கத்துக்கே அவருதான் பெருசு." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "குடும்பம் இல்ல, அகேலாதான் இருக்காரு" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லாங் ஐலண்டில் சாமான் இறக்கினார்கள், ஏற்றினார்கள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. படா சரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பனியனை எப்படி மாட்டுகிறார், நாவிதர் அவரிடமும் இரண்டு தலைக்கான கூலி கேட்கிறாரா, பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன காய் பேர் வைத்தார்கள். மறுநாள் மேஸ்திரி மாயாபந்தரில் இறங்கும்போது, படா சரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன், பழகிய மனிதரைப் பற்றிப் பேசுகிற தோரணையில்.

பிப்ரவரி 13. ஏரியல் பேயில் இறங்கினேன். அங்கிருந்து திக்லிபூர் ஆறு மைல். மூங்கில் ஏற்ற வந்த லாரியின் டிரைவர் சும்மாவே ஏற்றிக்கொண்டார். இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல்கள், வங்காளிக் குடியேற்றக்காரர்களின் தட்டி வீடுகள், வீட்டுக்கு வீடு பாக்குக் கன்று. படா சர் வீடு எது என்றதற்கு டிரைவர் மேட்டின்மேல் இருந்த மரப் பங்களாவைக் காட்டினார்.

படியேறும்போதே வராந்தா ஆணியில் தொப்பி தெரிந்தது. வெள்ளைத் தொப்பி, நல்ல கல்கத்தாச் சரக்கு. கால் நின்றுவிட்டது. இருபதடி தூரத்திலேயே எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தொப்பிகள் போதாமலே இருந்தவனுக்கு அந்தக் கண்ணளவு வந்துவிடும். அது ஆறே முக்கால் நம்பர்.

வெளியே வந்தவர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, எலுமிச்சம்பழம் மாதிரி சின்னத் தலை. அந்தப் பகுதிக்கே பெரிய அதிகாரி அவர்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படா சர் என்றால் பெரிய தலை மட்டுமல்ல, பெரிய சாரும்தான். நம் தமிழிலேயே பெரிய தலை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு சொல்லை நம்பி அத்தனை கடலையும் தாண்டி வந்திருக்கிறேன்.

வந்த காரியம் என்ன என்று கேட்டார். மழுப்பத் தோன்றவில்லை, உள்ளபடியே சொல்லிவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தாமே என் தலையில் வைத்துப் பார்த்தார். பெரிய பானைமேல் சின்னத் தட்டு வைத்ததுபோல் நின்றது. இருவருமே சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு மெல்ல நின்றுவிட்டது.

"நீங்க படியேறி வர்றதப் பாத்தேன். கையில காயிதம் ஒண்ணும் இல்ல. மனு கினு இல்லாம ஒருத்தர் என்னப் பாக்க வந்திருக்காருன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

நானும் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று அங்கேயே தங்கச் சொன்னார். சாப்பிடும்போது பேச்சு கோயம்புத்தூர் மழை, மாயவரத்து மழை என்று போய், சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 14. அவர் யோசனையின் பேரில் பக்கத்து வங்காளிக் கிராமத்துக்கு நடந்தேன். அங்கே வயலுக்கு மூங்கிலில் ஒரு தொப்பி வைத்துக்கொள்கிறார்கள், மாத்தால் என்று பெயர். இரண்டு மூங்கில் பின்னலுக்கு நடுவே இலையை அடுக்கி, முறம் அகலத்துக்கு விளிம்பு; உள்ளே தலை உட்காரும் ஒரு வளையம். நிதாய் என்பவர் வீட்டு முற்றத்தில் அமர்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். என் குறையைச் சொன்னேன். இந்த முறை சர் என்ற சொல்லைப் பக்கத்தில் வரவிடாமல் தலையைத் தொட்டுக் காட்டினேன்.

"மாத்தா படா ஹை, தோ படா பனாயேகா பாபு. இஸ்மே க்யா ஹை" என்றார்.

தலை பெரிதாக இருந்தால் பெரிதாகச் செய்கிறோம், இதில் என்ன இருக்கிறது! நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டேன். ஈர மூங்கில் பட்டை ஒன்றை என் நெற்றியைச் சுற்றி வளைத்து, நழுவாமல் இருக்க உச்சந்தலையில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டார். கனமான, சூடான கை. கூலி வாங்குகிற நாவிதரைத் தவிர இந்த ஐந்து வருஷத்தில் என் தலையை யாரும் தொட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று வைத்துக்கொண்டேன். அவர் கையை எடுத்தபோது இன்னும் கொஞ்சம் வைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

சாயங்காலம் தொப்பி தயாராகிவிட்டது. விலை இரண்டு ரூபாய். வைத்தேன், நெற்றியில் அழுத்தவில்லை, காதில் உரசவில்லை, இருக்கிற இடமே தெரியவில்லை. இதே அளவில் இன்னொன்று வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். படா சருக்கு என்று வாயில் வந்துவிட்டது.

நிதாய் சிரித்தார். "உன்கா மாத்தா சோட்டா ஹை பாபு. கிர் ஜாயேகா." அவர் தலை சின்னது, விழுந்துவிடுமாம். அந்தப் படா சருக்கு இல்லை, இன்னொருவருக்கு என்றேன். எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

இரண்டாவது முடியும்வரை காத்திருந்து, பதினாறாம் தேதி கப்பல் ஏறினேன். பெரிய அதிகாரி ஜெட்டிவரை வந்தார். தீவுக்கு வந்ததிலிருந்து எனக்காகக் கரையில் நின்று கையாட்டியவர் அவர் ஒருவர்தான். தம் சின்னத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நானும் முறம்போன்ற என் தொப்பியை எடுத்து ஆட்டினேன்.

டாக்டர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்றார். ஆபீஸில் வயலில் நாற்று நட்டாயிற்றா என்று கேட்டுச் சிரித்தார்கள். மாயவரத்தில் என்றால் இதை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்க முடியாது. இங்கே இரண்டு நாளில் பேச்சு அடங்கிவிட்டது. அண்ணனுக்கு, இப்போதைக்கு வரமாட்டேன் என்று ஒரு கார்டு போட்டேன்.

அபர்தீன் கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய தலையோடு யாராவது தொப்பி கேட்டு வந்தால் திக்லிபூருக்கு அனுப்ப வேண்டாம், ஹாடோவுக்கு அனுப்புங்கள் என்று. இந்த முறை மாத்தா என்றுதான் சொன்னேன். மழைக்காலம் முழுக்க இரண்டு தொப்பியும் அடுத்தடுத்த ஆணியில் தொங்கின. யாரும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவதை எடுத்துத் தூசி தட்டி, என் தலையில் வைத்துப் பார்த்தேன். மிகச் சரியாக இருந்தது.