கல்கத்தாவுக்குப் போன விடுகதைகள்

எட்டு வயதில் எனக்குக் கல்கத்தாவின் மேல் தீராத கோபம் இருந்தது. அந்த ஊரை நான் பார்த்ததுகூட இல்லை. கோபமெல்லாம் அங்கே இருக்கும் தேசிய நூலகத்தின் மேல்தான்.

அத்தைக்கு எம். புதுப்பட்டியில் டீச்சர் வேலை. அங்கே பட்டாசு கம்பெனிக்குப் போகும் பெண்களிடம் கேட்டுக் கேட்டு விடுகதைகளைச் சேர்த்திருந்தாள். நான் சொன்ன ஒன்றும் அதில் உண்டு. சிவகாசியில் இருந்த எங்கள் அச்சகத்தில் அப்பா அதைப் புத்தகமாக அடித்தார். தன் அக்காவிடம் கூலி கேட்கவில்லை. கூலி இல்லாத வேலைக்கு உள்ள மரியாதையோடுதான் அது நடந்தது. மாதிரிக்கென்று ஒன்றை மட்டும் பைண்ட் செய்து கொடுத்தார். மற்ற தாள்கள் குடோன் மூலையில் கிடந்தன.

அப்போது காலண்டர் சீசன். பேப்பர் லோடு வாசலில் நிற்க, குடோனைக் காலி பண்ணச் சொல்லி அப்பா கத்தினார். அச்சு பிசகிய தாளைப் பட்டாசுக் குழாய் சுருட்ட எடைக்குப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். எது கழிவு, எது புத்தகம் என்று லோடு ஏற்றுகிறவர்கள் படித்தா பார்ப்பார்கள்? எல்லாம் போய்விட்டது.

குழாய் சுருட்டும் அக்கா ஒருத்தி அத்தையை வழிமறித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. "டீச்சர், நாங்க சொன்ன விடுகதையத்தான் ரெண்டு நாளா சுருட்டிக்கிட்டு இருக்கோம். படிச்சுப் படிச்சு ஒரே சிரிப்பு" என்றாளாம். சந்தோஷமாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அத்தை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா தலையைச் சொறிந்தார்.

"சீசன் முடியட்டும்க்கா, திரும்ப அடிச்சுத் தாரேன்."

அத்தை மிஞ்சிய அந்த ஒன்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். அம்மா பதறிப்போனாள்.

"இருக்கது ஒண்ணு. அதையும் கண்காணாத ஊருக்கு அனுப்புவீகளா மதினி?"

"நாட்டுல அச்சாகுற எல்லாப் புத்தகத்துலயும் ஒண்ணு அங்கன போகணும்னு சட்டமே இருக்கு. வெள்ளக்காரன் காலத்து நூலகம் அது. சுதந்திரம் வந்தப்புறம் நாட்டுக்கே பொதுவாக்கிட்டாக. யாரும் வாங்காத புத்தகத்தக்கூட பத்திரமா வச்சிருப்பாக."

வங்காளிகளுக்கு என் விடுகதை எதற்கு என்று நான் அழுதேன். பெரியவளானதும் அங்கே போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்றாள் அத்தை. எனக்குச் சமாதானமாகவில்லை.

"அங்கனயும் எடைக்குப் போட்டுட்டாகன்னா?" என்று கேட்டேன்.

அப்பா தாமே தரையில் உட்கார்ந்து, இருபுறமும் அட்டை வைத்துப் பார்சல் கட்டினார். எந்தப் பெரிய ஆர்டரையும் அவர் அவ்வளவு கவனமாகக் கட்டி நான் பார்த்ததில்லை. கட்டி முடித்ததும் வண்டிச் சாவியை எடுத்தார்.

"நானே தபாலாபீசுல போட்டுட்டு வாரேன்க்கா."

அத்தை அவர் கையிலிருந்து பார்சலை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்லே" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அப்பா சாவியோடு வாசலிலேயே நின்றார்.

சீசன் நேரத்தில் தம்பிக்கு வீண் அலைச்சல் வேண்டாமென்று அத்தை இரக்கப்பட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.